ஆறணாப் பேனாவில் மசி வற்றிய மாதங்கள்

ஒரு மனிதனின் யோக்கியதையை அவன் கோட்டுப் பையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று என் அப்பா நம்பினார். பையின் விளிம்பில் பேனா கிளிப் பளபளவென்று தெரிய வேண்டும். தெரிந்தால் ஆள் தேவலை. அப்பாவுக்கு மைசூர் அரண்மனைக் கச்சேரியில் கணக்கு எழுதுகிற உத்தியோகம். அவரிடமும் தங்க நிப்பு வைத்த சீமைப் பேனா ஒன்று இருந்தது. அது எழுதி நான் பார்த்ததில்லை. தினசரி வேலையையெல்லாம் தொட்டுத் தொட்டு எழுதும் கட்டைப் பேனாவால் முடித்துக்கொண்டு, தசராவுக்கும் கல்யாணங்களுக்கும் மட்டும் சீமைப் பேனாவைக் குத்திக்கொண்டு போவார். எழுதினால் தேய்ந்துவிடுமாம்.

என்னிடம் இருந்தது ஆறணாப் பேனா. பூணூல் போட்டபோது வந்த பணத்தில், சின்ன கடியாரம் என்கிற மணிக்கூண்டருகே நடைபாதையில் கடை விரித்திருந்த சாயபுவிடம் வாங்கியது. பச்சையும் கறுப்பும் கலந்து பாம்புத் தோல் மாதிரி இருக்கும். பத்து வயதில் உலகத்தில் எனக்கு மட்டுமே சொந்தமான பொருள் அது ஒன்றுதான் என்பதால், அதைப் பற்றி ஒரு பண்டிதன் அளவுக்குத் தெரிந்து வைத்திருந்தேன்.

மலிவுப் பேனாவின் நல்ல குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் இரவல் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். கீழே விழுந்தால் வீட்டில் ஒருவரும் பதற வேண்டியதில்லை. ஏற்கெனவே வளைந்த நிப்பு சில சமயம் விழுந்த வேகத்தில் நேராகிவிடுவதும் உண்டு. நம் கையெழுத்து கோணலாக இருந்தால் பழியைத் தாராளமாக அதன்மேல் போடலாம். நான் நிறையப் போட்டிருக்கிறேன்.

கெட்ட குணம் பிடிவாதம். எழுத வேண்டியபோது எழுதாது. நுனியை நாக்கில் வைத்து உறிஞ்சினால் ஒருவழியாக மனம் இரங்கும். அதனால் என் உதடும் நாக்கும் எப்போதும் நீலம். நிப்பைத் துடைக்கத் தனியாகத் துணி எதற்கு என்று குடுமியிலேயே துடைப்பேன். இன்னொன்றும் உண்டு. மசி நிறைய இருக்கும்போது ஒழுங்காக இருக்கும் பேனா, குறைந்து அடியில் கொஞ்சம் நிற்கும்போது கைச்சூடு பட்டால் கக்கிவிடும். கையில் எடுத்துப் பிடித்தால் ரப்பர் எரிகிற மாதிரி ஒரு நாற்றம் வேறு.

இந்த ஞானமெல்லாம் எனக்குச் சின்ன அத்தையிடமிருந்து வந்தது. அப்பாவின் கடைசித் தங்கை. எஸ்.எஸ்.எல்.சி. தேறி வீட்டில் இருந்தாள். வயது பதினெட்டு, அந்தக் காலத்தில் அதுவே தாமதம். என் பேனாவுக்கு அவள்தான் வைத்தியர். நிப்பைக் கழற்றி, பிளவில் தலைமயிரை விட்டுச் சுத்தம் செய்து, உடைந்த கண்ணாடிச் சில்லில் நுனியைத் தேய்த்து, மரை கசியாமல் மெழுகு நூல் சுற்றித் தருவாள். ஒவ்வொரு தடவையும், "வந்துட்டார் நீலகண்டர். இன்னிக்கு எவ்வளவு குடிச்சே?" என்று கேட்பாள்.

அத்தையைப் பார்க்க முதலில் பெங்களூரிலிருந்து ஒருவர் வந்தார். அவர் பையில் இருந்தது அசல் சீமைப் பேனா. அப்பா கிளிப்பைப் பார்த்ததுமே பாதிக் கல்யாணத்தை மனத்துக்குள் நடத்திவிட்டார். பிள்ளை வீட்டார், "பொண்ணு இங்கிலீஷ் எழுதுவாளோ? நாலு வரி எழுதட்டுமே" என்றார்கள். அத்தை எழுத உட்கார்ந்தாள். பேனா வேண்டுமே என்று அப்பா மாப்பிள்ளையின் பையைப் பார்த்தார். மாப்பிள்ளை பையைக் கையால் மூடிக்கொண்டார்.

"இல்லே, யாருக்கும் குடுக்கறதில்லே. கை மாறினா நிப்பு கெட்டுப் போயிடும்."

அத்தை கட்டைப் பேனாவில் எழுதிக் காட்டினாள். அவர்கள் போன பிறகு, வேண்டாம் என்று சொன்னாள். காரணம் கேட்டதற்கு, பிடிக்கலை என்றாள். பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரிந்த பையனை வேண்டாம் என்கிறாளே என்று அப்பாவுக்கு மிகுந்த வருத்தம். எனக்கும்தான். பேனாவின் மகிமை தெரிந்தவர் அவர் என்று நான் நினைத்தேன். அம்மா மிஞ்சிய உப்பிட்டுவை எங்களுக்குப் பரிமாறினாள். இன்னொரு வரன் தட்டிப்போனால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று அப்பா ஒரு வாரம் அதே பேச்சாக இருந்தார். அடுத்து வருவதை முடித்தே தீர வேண்டும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அடுத்து வந்தவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் தாலூகா அமல்தார் கச்சேரி குமாஸ்தா. கூட அவருடைய பெரியப்பா. பேச்சு முழுவதும் பெரியப்பாவுடையது. மாப்பிள்ளை கூச்சத்தோடு கேசரிபாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பையிலும் ஒரு கிளிப், தங்க முலாம், சந்தேகமே இல்லாத சீமைச் சரக்கு. அப்பா பார்ப்பதைப் பெரியப்பா பார்த்துவிட்டார்.

"துரை குடுத்தது. இவன் வேலையைப் பாத்து மெச்சி, தன் பையிலேர்ந்தே எடுத்துக் குடுத்துட்டார், பாத்துக்கோங்கோ."

அப்பாவின் முகம் மலர்ந்தது. மீதிப் பாதிக் கல்யாணத்தையும் அவர் நடத்தத் தொடங்கிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

இந்தத் தடவையும் பெண் எழுதிக் காட்ட வேண்டும் என்று பேச்சு வந்தது. நான் கட்டைப் பேனா எடுக்க எழுந்தேன். அதற்குள் மாப்பிள்ளையே பேனாவை எடுத்து, மூடியைத் திருகி, அத்தையிடம் நீட்டிவிட்டார். நீட்டியவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையைக் குழித்து, நிப்புக்கு நேர் கீழே வைத்துக்கொண்டார். தீர்த்தம் வாங்குகிறவர் மாதிரி இருந்தது. அத்தை பேனாவை வாங்கி விரல்களில் பிடித்தாள். உடனே ஒரு பெரிய சொட்டு, பின்னால் இன்னொன்று, அவர் உள்ளங்கையில் விழுந்தன. அவர் கையை மூடி வேஷ்டி மறைவில் வைத்துக்கொண்டார். அத்தை நிப்பைத் திருப்பிப் பிடித்து, குனிந்தபடியே நாலு வரி எழுதினாள். கறுப்பு உடம்பு, தகர நிப்பு. அவளுக்குத் தெரியாதா என்ன.

எனக்கோ மூக்கு இருந்தது. பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தவனுக்கு அந்த ரப்பர் நாற்றம் குப்பென்று வந்தது. ஞானத்தை அடக்கிக்கொள்ளும் வயதும் இல்லை.

"அத்தே, இது என் பேனா மாதிரியே நாறறது."

"சும்மா இருடா. நாறறது ஒன் குடுமி" என்றாள் அத்தை, தலையை நிமிர்த்தாமல்.

நான் விடவில்லை. "கக்கித்தே, நான் பாத்தேனே. சீமைப் பேனா கக்குமா?"

பெரியப்பா சீமைப் பேனாவும் சில தட்பவெப்பத்தில் கக்கும் என்று ஆரம்பித்தார். மாப்பிள்ளை குறுக்கிட்டார். அன்று அவர் முதன்முதலாகப் பேசியது அப்போதுதான்.

"கொழந்தை சொல்றது சரிதான். மூடி மட்டும் துரையோடது. அடிப்பாகத்தை எங்கேயோ தொலைச்சுட்டு, மூடியைத் தூக்கி எறியச் சொன்னார். எறிய மனசு வரலை. அதுக்குப் பொருந்தற மாதிரி அடிப்பாகம் கடியாரத்துகிட்டே சாயபுகிட்டே வாங்கினேன். எட்டணா." என் பக்கம் திரும்பினார். "ஒன்னோடது எவ்வளவு?"

"ஆறணா."

"அப்போ ரெண்டணா ஏமாந்திருக்கேன்."

சமையலறைப் பக்கத்திலிருந்து அம்மாவின் சிரிப்பு கேட்டது. பெரியப்பா வெற்றிலைத் தட்டைத் தீவிரமாக ஆராய்ந்தார். அப்பா அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் வண்டி ஏறிய பிறகு அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "மேலே ஒண்ணு, உள்ளே ஒண்ணு. மூடியிலேயே இந்த ஜோடனைன்னா பாக்கி எல்லாம் எப்படியோ" என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். என் வாழ்நாளில் அப்பா என்னிடம் அபிப்பிராயம் கேட்டது அதுவே முதல் தடவை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்று, அந்தப் பேனாவின் குற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். நாற்றம், தகர நிப்பு, மரையில் நூல் சுற்றவில்லை, மசியைப் பாதிக்கும் கீழே விட்டு வைத்திருக்கிறார், கக்கும் நேரம் முன்கூட்டியே தெரிகிற அளவுக்குத் தினமும் கக்குகிறது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலோடு ஸ்ரீரங்கப்பட்டணம் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

அத்தை நிலைப்படியில் வந்து நின்றாள்.

"கக்கித்தே, எங்கேடா கக்கித்து?"

"அவர் கையிலே."

"என் புடவையிலே?"

"ஒரு பொட்டுகூட இல்லே."

"பெங்களூர்க்காரர் பேனா கக்குமோ?"

"கக்கவே கக்காது" என்றேன் கம்பீரமாக. "ஆனா அதைத்தான் ஒங்கிட்டே அவர் குடுக்கவே இல்லையே."

"சரி, நீ போய் வெளையாடு."

நல்ல சாட்சியை இப்படிப் பாதியில் அனுப்பிவிட்டாளே என்று எனக்குக் கோபம். சொல்வதற்கு இன்னும் குற்றங்கள் மீதி இருந்தன. வெளியே போகும்போது அப்பா நடையை நிறுத்திவிட்டு அத்தையைப் பார்த்துக்கொண்டு நின்றது தெரிந்தது.

மறுநாள் காலையில் அப்பா சம்மதக் கடிதம் எழுத உட்கார்ந்தார். சுபகாரியம் என்பதால் சீமைப் பேனாவை எடுத்தார். அதற்குள் மசி எந்தக் காலத்திலோ காய்ந்து கல்லாகியிருந்தது. உதறினார், வெந்நீரில் முக்கினார், ஊதினார். பிறகு என் பக்கம் பார்க்காமலேயே கையை நீட்டினார். என் ஆறணாப் பேனாவில்தான் அந்தக் கல்யாணம் நிச்சயமாயிற்று. கடிதத்தின் நடுவே ஒரு சொட்டு விழுந்ததை அப்பா மஞ்சள் தடவி மறைத்தார்.

முகூர்த்தம் மூன்று மாதம் தள்ளி அமைந்தது. என் பேனாவுக்கு அந்த விசித்திர வியாதி வந்தது அப்போதுதான்.

எங்கள் பள்ளிக்கூடத்தில் பவுண்டன் பேனாவுக்குத் தடை. கையெழுத்து கெட்டுவிடும் என்பது ஹெட்மாஸ்டரின் கொள்கை. என் கையெழுத்தைப் பார்த்த பிறகும் அவர் அதை மாற்றிக்கொள்ளவில்லை. ஆகவே பேனா பகலெல்லாம் வீட்டு மாடத்தில் இருக்கும். காலையில் கழுத்துவரை மசி நிரப்பி வைத்துவிட்டுப் போவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பாதிகூட இருக்காது. மாடத்தில் கறை இல்லை. தரையில் இல்லை. மசி எங்கேதான் போகிறது?

வைத்தியரிடம் கேட்டேன். அத்தை பேனாவை வாங்கிச் சூரிய வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"மலிவுப் பேனான்னா இப்படித்தான்டா. காத்துலே போயிடும்."

மலிவுப் பேனாவின் குறைகளில் இதையும் சேர்த்துக்கொண்டேன். அத்தைக்கு வேறு அந்த நாட்களில் திடீரென்று படிப்பில் ஆசை வந்திருந்தது. அடுத்த தெருச் சிநேகிதியிடம் கன்னடப் புத்தகம் கொடுத்து வாங்க என்னை ஓயாமல் அனுப்புவாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது, நடுவில் பிரித்துப் பார்க்கக் கூடாது, பக்கம் கசங்கிவிடும் என்று ஆணை. எனக்கும் புத்தகத்தைப் பிரிக்கும் வழக்கம் இல்லாததால் சிரமமாக இல்லை. மூளை முழுவதும் மசியில் இருந்தது.

கடைசியில் பொறுக்க முடியாமல் சாயபுவிடம் நியாயம் கேட்கப் போனேன். ஓட்டைப் பேனாவை விற்றுவிட்டீர் என்றேன். அவர் பேனாவைக் கழற்றி, தண்ணீர் விட்டு, தலைகீழாகப் பிடித்துக் காத்திருந்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை. பேனாவில் கோளாறு இல்லை என்றார். பின்னே காற்றில் எப்படிப் போகிறது என்றேன். எப்போதிலிருந்து என்றார். சொன்னேன். தாடியைத் தடவிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மனேலி யார்தாத்ரூ மதுவே இதியா?"

வீட்டில் யாருக்காவது கல்யாணமா என்று கேட்கிறார். பேனாவுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஆனாலும் அவர் கேட்டது சரியாக இருந்ததால் அசந்துபோனேன்.

"ஆமா, எங்க அத்தைக்கு. ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

சாயபு பக்கத்துப் பூக்கடைக்காரரிடம் ஏதோ சொன்னார். இருவரும் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு ஒரு காகிதத்தில் தண்ணீரில் கரைத்துக்கொள்ளும் மசி வில்லைகள் நாலைந்தைப் பொட்டலம் கட்டி, காசு வேண்டாம் என்று என் கையில் வைத்தார். கல்யாணம் ஆனதும் பேனா தானாகச் சரியாகிவிடும் என்றார். தேவராஜ மார்க்கெட் பக்கத்திலேயே கெட்டிக்கார வியாபாரி என்று பெயரெடுத்தவரை வாதாடி ஜெயித்துவிட்ட பெருமையோடு வீட்டுக்கு வந்தேன். வில்லைகளை அத்தையிடம் காட்டி நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் ஏன் அப்படிச் சிவந்தது என்று கேட்டதற்கு, அடுப்புப் பக்கம் நின்றேன் என்றாள். நின்றது கிணற்றடியில்.

சாயபுவின் வாக்கு பலித்தது. கல்யாணம் முடிந்து அத்தை ஸ்ரீரங்கப்பட்டணம் போன நாளிலிருந்து என் பேனாவில் மசி வற்றவே இல்லை. நான் எழுதினாலொழியக் குறையாது. நான் எழுதுவது அபூர்வம். கல்யாண வீட்டில் மலிவுப் பேனாவின் மசி ஆவியாகும் என்ற உண்மையை வகுப்பில் பலருக்கும் விளக்கியிருக்கிறேன். இருவர் எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தசராவுக்கு அத்தையும் அத்திம்பேரும் வந்தார்கள். சாப்பாட்டுப் பந்தியில் அத்திம்பேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த விஷயத்தை ஆதியோடு அந்தமாகச் சொன்னேன். திருக்கண்ணமுது பரிமாறிக்கொண்டிருந்த அத்தையின் கரண்டி எங்கள் இலைக்கு மேலே அப்படியே நின்றது. அத்திம்பேர் சிரிக்காமல், மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார்.

"ஸ்ரீரங்கப்பட்டணத்துலேயும் அந்த மூணு மாசம் அப்படித்தான் வத்தித்து" என்றார். "தெனம் ரொப்பினேன்."

நான் அவரைப் பரிதாபமாகப் பார்த்தேன்.

"ஒரே சாயபு கடைதானே அத்திம்பேரே. ரெண்டும் ஓட்டை."