ஆளுக்கு அஞ்சு வளர்ச்சி

கடைசி பெஞ்சில் போய் உட்காரும் பழக்கம் எந்த வயதில் நிற்கும் என்று கேட்டால், ஐம்பத்தொன்பதிலும் நிற்காது என்று சொல்லக்கூடியவர்கள் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் எங்களைப் போன்றவர்கள்தான்.

நான் காஞ்சிபுரத்தில் ஆசிரியர் பயிற்றுநர். சில வருஷங்களாக எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'மாணவர் வளர்ச்சித் தரவு'. பெயர்தான் பெரியது. ஒரு பிள்ளை ஜூனில் எவ்வளவு படித்தது, அதே பிள்ளை டிசம்பரில் எவ்வளவு படிக்கிறது, நடுவில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்ப்பதுதான் விஷயம். யார் முதல் ரேங்க் என்பது இதில் கிடையாது. அந்த நகர்வைப் பார்த்துப் பள்ளிக்கூடம் தன் வேலையை மாற்றிக்கொள்ள வேண்டும். எக்செல் தாளைத் திறந்து வைத்துவிட்டு அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருக்கும் சக ஆசிரியர்களே, உங்களுக்குத் தெரியாததையா சொல்லப் போகிறேன்!

முதல் சந்தேகம்

ஜூன் மாதப் பயிற்சி. வாசிப்புக்கு இருபது மதிப்பெண், இப்போது ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை, இரண்டையும் கழித்தால் வருவது வளர்ச்சி என்று ஒரு மணி நேரம் பேசினேன். படம் போட்டேன், அம்புக்குறி போட்டேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றேன்.

மைக்கை அணைக்கப் போனபோது, தென்னேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு தலைமையாசிரியர் பின்வரிசையில் எழுந்தார். அதுவரை என் பேச்சை வரிவிடாமல் எழுதிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். மிகவும் பொறுப்பாகக் கேட்டார்: "வளர்ச்சின்னா உயரமா மேடம், எடையா? ரெண்டுமே போன வாரம் எடுத்து அனுப்பிட்டோமே."

ஆளுக்கு அஞ்சு

டிசம்பர் முடிந்ததும் தாள்கள் வந்து சேர்ந்தன. திருப்புட்குழி போகும் வழியில் இருக்கும் ஒரு பள்ளியின் தாளைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஐந்து வகுப்பிலும் எல்லாப் பிள்ளையும் சரியாக ஐந்து மதிப்பெண் வளர்ந்திருந்தது. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. நவம்பரில் பள்ளியை விட்டே போய்விட்ட ஒரு பெண் பிள்ளையும் ஐந்து வளர்ந்திருந்தாள்.

நேரில் போய்த் தலைமையாசிரியையிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை, வருத்தப்படவும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, என்னை உட்கார வைத்து, எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்: "ஒருத்தனுக்கு ஏழு, ஒருத்தனுக்கு மூணுன்னு போட்டா நல்லாவா இருக்குது? எல்லாம் நம்ம பசங்கதானே மேடம்."

சிவப்பு

ஜனவரிக் கூட்டத்துக்கு அதிகாரி வருவதாகச் சொல்லிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம்தான் தகவல் வந்தது. அவசரத்தில் டிசம்பர் சராசரியை மட்டும் எடுத்து, உயர்ந்த வகுப்புக்குப் பச்சை, தாழ்ந்த வகுப்புக்குச் சிவப்பு என்று நிறம் கொடுத்துத் திரையில் போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

சிவப்பிலேயே கடும் சிவப்பு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு பள்ளியின் நாலாம் வகுப்பு. "யாருப்பா இந்த கிளாஸ்?" என்றார் அதிகாரி. வசந்தா டீச்சர் எழுந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த அவருடைய தலைமையாசிரியர் முந்திக்கொண்டு, "அடுத்த ஜூன்ல இவங்களுக்கு ஒண்ணாங்கிளாஸ் குடுத்துடறேன் சார். நாலாங்கிளாஸுக்கு வேற ஆள் போட்டுடலாம்" என்றார். வசந்தா டீச்சர் உட்கார்ந்தார். நான் அடுத்த படத்துக்குப் போய்விட்டேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு எதிரே மட்டும்தான் இடம் இருந்தது. பொட்டலத்தைப் பிரித்தபடி ஏதாவது ஆறுதல் சொல்லலாம் என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமாகக்கூட இல்லை. "ஜூன்ல நீங்க சொல்லிக் குடுத்ததுல ரெண்டு நம்பர் இருந்துச்சு மேடம். இன்னிக்கு நீங்க போட்டதுல ஒண்ணுதான் இருக்குது."

சரிபார்க்கப் போனேன்

அன்றைக்கே அலுவலகத்துக்குத் திரும்பி, இருக்க வேண்டிய இன்னொரு எண்ணையும் எடுத்துக் கழித்துப் பார்த்தேன். பச்சையில் மின்னிய வகுப்பு ஒன்று பதினைந்தில் தொடங்கிப் பதினாறில் நின்றிருந்தது. வசந்தா டீச்சரின் வகுப்பு மூன்றில் தொடங்கி ஒன்பதுக்கு வந்திருந்தது. அந்தக் கூட்டத்துக்கு வந்த எந்த வகுப்பும் அவ்வளவு தூரம் நகரவில்லை.

அப்போதும் நான் சந்தோஷப்படவில்லை, சந்தேகப்பட்டேன். ஆளுக்கு அஞ்சு வளர்ந்த பள்ளியைப் பார்த்துவிட்டு வந்தவள் ஆயிற்றே! மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். முதல் பீரியட். எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளைகள் வசந்தா டீச்சரைச் சுற்றித் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்; மற்றவர்கள் இரண்டிரண்டு பேராக ஒருவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தினமும் அப்படித்தான் என்றார். மாதா மாதம் அவரே வாசிக்க வைத்துக் குறித்த நோட்டையும் காட்டினார். யாரும் அவரைக் கேட்காத நோட்டு அது.

ஜூனில் 'அம்மா'வைத் தவிர வேறு எதுவும் படிக்கத் தெரியாது என்று குறித்திருந்த தாரணியைக் கூப்பிட்டேன். பாடப்புத்தகம் என்றால் மனப்பாடமாக இருக்கலாம் என்று, பையிலிருந்த அன்றைய செய்தித்தாளை நீட்டினேன். சுண்ணாம்புக்கல் விலை பற்றிய செய்தி. இரண்டு இடத்தில் நின்றாள், ஒரு வார்த்தையைத் திரும்பப் படித்தாள், நாலு வரியையும் முடித்தாள். இன்னொரு பத்தியைக் காட்டினேன். அதையும் படித்தாள். மூன்றாவதைக் காட்டியதும் பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு டீச்சரிடம் திரும்பினாள்: "இவங்களுக்குப் படிக்கத் தெரியாதா மிஸ்?"

கிராஃப் தாள்

பிப்ரவரியில் அந்தப் பள்ளியில் பெற்றோர் கூட்டம். அந்த நோட்டிலிருந்து பிள்ளைக்கு ஒரு கோடு என்று கிராஃப் தாளில் வரைந்து சுவரில் ஒட்டினேன். பெயர் போடவில்லை, எண் மட்டும். பெற்றோருக்கு விளங்கவைக்கப் பதினைந்து நிமிஷப் பேச்சும் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அது தேவைப்படவில்லை. அந்தத் தெருக்களில் புடவை பார்டருக்கு டிசைன் போடுவதே கிராஃப் தாளில்தான் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

தறியிலிருந்து எழுந்து நேராக வந்திருந்த காமாட்சி என்ற அம்மா, விரலை வைத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது. "எல்லாம் ஏறிக்கினு போவுது. இது மட்டும் அக்டோபர்லருந்து நேரா ஓடுதே, இது யாரு?" என்றார். வசந்தா டீச்சர் தயங்கினார். அப்புறம் மெதுவாக, "உங்க தினேஷ்தாம்மா" என்றார்.

அவர் சண்டைக்கு வருவார் என்று நாங்கள் இருவரும் தயாரானோம். அவருக்குக் கைக்குழந்தை பிறந்து நாலைந்து மாதம் ஆகிறது என்று பக்கத்தில் ஒரு அம்மா எங்களுக்குச் சொன்னார். காமாட்சி அந்தக் கோட்டை விட்டுக் கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்தபடியே சொன்னார்: "தாள்ல தப்பு இல்ல மிஸ். வாரத்துல ரெண்டு நாள் சின்னதைப் பாத்துக்கடான்னு இவனை வூட்ல நிறுத்திக்கினது நான்தான்."

இரண்டு எண்

மார்ச் கூட்டத்தில் முதல் படமாக இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். "போன தடவை நான் காட்டியது தவறு. பாதியை மறைத்துவிட்டேன். வசந்தா டீச்சரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்" என்றேன். சொல்வதற்கு முன்னால் மூன்று முறை தண்ணீர் குடித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பச்சையில் இருந்த சிலர் முகம் மாறியது. வசந்தா டீச்சரின் தலைமையாசிரியர், நாலாம் வகுப்பு அவரிடமே இருக்கட்டும் என்று தாமாகவே எழுந்து சொன்னார். அந்த டீச்சர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் துடைத்தார்.

அதிகாரிக்கு உற்சாகம் தாங்கவில்லை. வசந்தா டீச்சர் இனிமேல் வாரத்தில் இரண்டு நாள் இங்கே வந்து மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும், உடனே உத்தரவு தயார் பண்ணுங்கள் என்று என்னிடம் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். வசந்தா டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்தார். "வேணும்னா அவங்க அங்க வந்து பாக்கட்டும் சார். நான் இங்க வந்து பேசிக்கினு இருந்தா, அங்க தரையில உக்காந்திருக்கறதுங்களுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது?"

அந்த வருஷம் எங்கள் பயிற்சியால் அதிகம் வளர்ந்தது யார் என்று கணக்கெடுத்தால் பயிற்சி கொடுத்த என் பெயர்தான் முதலில் வரும், ஆனால் அதை எழுத மேலே அனுப்பும் படிவத்தில் இடம் விடவில்லை.