திருவாதவூருக்கு ஐஸ்கிரீம் கொண்டுபோன கதை

வைகாசியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பக்கத்து வீட்டுச் செல்வத்தின் தங்கை மகளுக்குத் திருவாதவூரில் காதுகுத்து. தாய்மாமன் என்ற முறையில் செல்வம்தான் சீர் கொண்டுபோக வேண்டும். பழம், பட்டு, பலகாரத் தட்டுகளோடு நூறு பேருக்கு ஐஸ்கிரீம் போட்ட ஜிகர்தண்டாவும் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். பள்ளியில் நெடுங்காலம் அறிவியல் நடத்தியவள் என்பதால் என்னையும் வேனில் ஏறச் சொன்னார்.

ஐஸ்கிரீம் உருகிவிடுமோ என்று அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. மூத்த குழந்தையின் காதுகுத்துக்கு அவர் கொண்டுபோன ஐஸ்கிரீம், மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறும் பாலாக இருந்தது. அதைச் சொல்லிச் சொல்லியே அவர் தங்கை சித்ராவைப் புகுந்த வீட்டில் இன்றும் கேலி செய்கிறார்களாம்.

"என்னைய என்ன வேணா சொல்லட்டும் டீச்சர். சித்ரா தலையக் குனிஞ்சு நிக்கிறத இன்னொரு தடவ பாக்க முடியாது" என்றார்.

வெயில் காலத்தில் குளிர்ந்த பொருளோடு பயணம் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

காலை ஏழரை மணிக்குப் பழங்காநத்தத்தில் கிளம்பினோம். பால், கடற்பாசி, நன்னாரி சர்பத் எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில். ஐஸ்கிரீம் மட்டும் மீன் கடைகளில் பார்ப்போமே, அந்த மாதிரிப் பெரிய தெர்மாகோல் பெட்டியில். டப்பாக்களைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, சுற்றிலும் மேலேயும் உடைத்த ஐஸை நிரப்பினோம். வெறும் ஐஸ் போதாது, கல்லுப்பு கலந்தால்தான் அது உறைநிலைக்கும் கீழே இறங்கி ஐஸ்கிரீமைக் கெட்டியாக வைத்திருக்கும். மேலேயும் ஐஸ் வைப்பது ஏனென்றால், குளிர்ந்த காற்று கீழ்நோக்கித்தான் இறங்கும். மிச்ச இடத்தில் பழைய துண்டுகளைத் திணித்து, மூடியைச் சுற்றி டேப் ஒட்டினோம். கடைசியாக என் வீட்டுக் கம்பளியை எடுத்துப் பெட்டிக்குப் போர்த்தினேன்.

செல்வத்தின் மனைவி ராணி பதறிவிட்டாள். "ஐஸுக்குப் போயி கம்பளியா? வெந்துரப் போகுது டீச்சர்!"

"இரு ராணி, வழியில் சொல்கிறேன்" என்றேன்.

வண்டியூர் தெப்பக்குளத்தில் பத்து நிமிடம் நின்றோம். என் ஃபிளாஸ்க்கில் அதிகாலையில் ஊற்றிய பருத்திப்பால் இருந்தது. குடித்த செல்வம் நாக்கைச் சுட்டுக்கொண்டார். ராணியிடம் பேச அதுவே நல்ல நேரமாக அமைந்தது.

கம்பளி சூட்டைத் தருவதில்லை. நம் உடம்புச் சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது, அதனால் நமக்குக் கதகதப்பாக இருக்கிறது. ஐஸுக்குப் போர்த்தினால் வெளிச்சூட்டை உள்ளே விடாது. தெர்மாகோலும் அப்படித்தான். அதன் சின்னச் சின்ன மணிகளுக்குள் காற்று சிறைப்பட்டுக் கிடக்கிறது, அசையாத காற்று வழியாகச் சூடு மெதுவாகத்தான் நகரும். ஃபிளாஸ்க் இன்னும் ஒரு படி மேல். அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவே காற்றையே உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள். கோயில் அன்னதானத்தில் வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றுவார்கள் அல்லவா? நடுவில் நிற்பவர்களை விலக்கிவிட்டால் வாளி எப்படி அடுத்த பக்கம் போகும்? சூட்டின் கதையும் அதுதான். இத்தனை வருடம் பாடம் நடத்தியும், கொதிக்கும் பாலை வைத்திருக்கும் ஃபிளாஸ்க்கை வெளியே தொட்டால் சூடே தெரியாதது எனக்கு இன்னும் அதிசயமாகத்தான் இருக்கிறது.

"அப்ப ஒரே சாமானுதான் சூட்டையும் காக்குது, குளிர்ச்சியையும் காக்குது" என்றாள் ராணி. அதேதான்.

சுற்றுச்சாலையைப் பிடித்து, ஒத்தக்கடை தாண்டித் திரும்பினால் இரண்டு பக்கமும் வயல்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர். செல்வம்தான் வழியெல்லாம் நெளிந்துகொண்டே வந்தார். "ஒரே ஒரு தடவ தெறந்து பாத்துக்கிறேனே."

"தெறந்தீங்கன்னா எறக்கி விட்டுருவேன்" என்றாள் ராணி.

ஒன்பது மணிக்கு ஊர் எல்லையில் மேளம் காத்திருந்தது. நான் யோசிக்காத சிக்கல் அங்கேதான் வந்தது. சீர்த்தட்டுகளை ஊரார் பார்க்கத் திறந்துதான் எடுத்துப் போவார்கள். எங்கள் பெட்டியோ கம்பளி போர்த்திக்கொண்டு இரண்டு பேர் தோளில் வந்தது. "பாடியக் கொண்டாராங்களா?" என்று ஒரு குரல், தெருவே சிரித்தது. செல்வத்தின் முகம் சுருங்கிப்போயிற்று.

மண்டபத்தில் சித்ராவின் மாமனார் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, மூடியே வச்சிருக்கீக? சீருன்னா நாலு பேரு பாக்கணும்ல. தெறங்க. இல்ல, போன தடவ மாதிரிதானா?"

சுற்றிலும் கூட்டம் கூடிவிட்டது. பந்திக்கு இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த வெக்கையில் இப்போது திறந்து, ஆளாளுக்கு எட்டிப் பார்த்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அது சம்பந்தி வீட்டு விவகாரம், நான் வாய் திறக்க முடியாது. செல்வத்தின் கை டேப்பைப் பிரிக்கப் போனது.

பட்டுச்சேலையோடு வந்த சித்ரா, கம்பளியை இழுத்து நன்றாகப் போர்த்திவிட்டு, பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பந்திக்குத்தான் தெறக்கணும் மாமா."

"அம்புட்டுத் தங்கமா இருக்கு உள்ள?"

"தங்கமா இருந்தாத் தெறந்து காட்டிருவேன். அது உருகாது."

இந்த முறை கூட்டம் மாமனாரைப் பார்த்துச் சிரித்தது. அவரும் மீசையைத் தடவிக்கொண்டு நகர்ந்தார். குழந்தைக்குக் காது குத்தும்போது மட்டும் சித்ரா எழுந்து போனாள். அந்த நேரம் ராணி உட்கார்ந்துகொண்டாள்.

ஒரு மணிக்குத் திறந்தபோது செல்வம் கண்ணை மூடிக்கொண்டார். பாதிக்கு மேல் ஐஸ் அப்படியே கிடந்தது. டப்பாவில் கரண்டி இறங்கவில்லை. கரண்டியை வெந்நீரில் முக்கித்தான் அள்ள வேண்டியிருந்தது. முதல் தம்ளரைச் சித்ராவே மாமனாரிடம் கொண்டுபோய் நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாத்தே, பல்லெல்லாம் கூசுது!" என்றார். பிறகு பந்திக்குக் கேட்கிற மாதிரி, "எங்க மாப்ள கொண்டாந்தது, நல்லாக் குடிங்கய்யா" என்றார். சித்ரா தலை நிமிர்ந்து அடுத்த வரிசைக்கு நடந்தாள்.

இதுபோலக் கிளம்புகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டி எங்களுக்கு நானூறு ரூபாய் ஆயிற்று, திரும்பத் திரும்பப் பயன்படும். பெட்டியை முதல் நாளே கொஞ்சம் ஐஸ் போட்டுக் குளிர வையுங்கள். ஃபிளாஸ்க்காக இருந்தால், சூடான பொருளை ஊற்றுமுன் வெந்நீரால் அலசுங்கள். நிறைந்த பாத்திரம்தான் வெகுநேரம் தாங்கும். வேனில் வெயில் விழாத பக்கம் வையுங்கள். சீர் கொண்டுபோவதாக இருந்தால், பெட்டி மேல் உட்காரும் உரிமையுள்ள ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.