ஒன்பதாவது முகவரி

நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தேன். பெங்களூரில் ஒரு கம்பெனியில் கேபிள் இழுக்கும் வேலை. எங்கள் ஊர் சாம்பியன் ரீப்ஸில் ரயில் ஏறித் தினமும் போய் வந்தேன். அங்கே சர்வர் அறையில் நின்று பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் இந்தத் தொழில். வாடகைக்கு ஒரு லினக்ஸ் சர்வர். அதில் எட்டுப் பேருடைய வெப்சைட். பேண்ட் செட், சமையல் கான்ட்ராக்ட், டியூஷன், இரண்டு சர்ச், இப்படி. மிஷின் ஒன்று, முகவரிப் பெயர் எட்டு. யார் எந்தப் பெயரைக் கேட்டு வருகிறார்களோ அந்தப் பக்கத்தை அது எடுத்துக் கொடுக்கும்.

ஒன்பதாவது பெயரை அண்ணனுக்காக வாங்கினேன்.

அண்ணனுக்கு வலிப்பு. காலையும் இரவும் மாத்திரை. ஒரு வேளை தவறினால் விழுவார். எழுந்தால் தன் பெயரே சொல்லத் தெரியாது. பெங்களூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது பங்காருபேட்டையில் வண்டி மாற இறங்கினோம். அவரைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். சமையல் கான்ட்ராக்ட்காரர் போன் செய்தார், சைட் திறக்கவில்லை என்று. போனிலேயே சர்வருக்குள் போய்ச் சரி செய்தேன். பத்து நிமிடம் இருக்கும். நிமிர்ந்தால் பெஞ்ச் காலி. மாத்திரைப் பை என் தோளில் இருந்தது.

போலீசில் எழுதிக் கொடுத்தேன். கோலார் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாகப் பார்த்தேன். பேத்தமங்களா ஏரிக்கரை வரைக்கும் நடந்தேன். பிறகு அந்தப் பக்கத்தை எழுதினேன். அவர் போட்டோ, நீலக் கட்டம் போட்ட சட்டை, மாத்திரையின் பெயர், என் நம்பர். என் அண்ணனைக் காணவில்லை என்று போட்டோவையும் லிங்கையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நம்பரை அதில் போடவில்லை. காணவில்லை மெசேஜ், ஆள் கிடைத்த பிறகும் வருஷக்கணக்கில் சுற்றும். பக்கம் என்றால், கிடைத்தவுடன் மாற்றிவிடலாம். அப்படி நினைத்தேன்.

மூன்றாவது வாரம் சர்வர் கம்பெனிக்காரர்கள், பழைய மிஷினை மூடுகிறோம், புதியதற்கு மாறிக்கொள் என்றார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மாற்றினேன். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஃபைல். எழுதிய ஃபைல்கள் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அங்கிருந்து இன்னொரு ஃபோல்டருக்கு இணைப்புக் கொடுத்தால்தான் சர்வர் படிக்கும். எட்டுக்குக் கொடுத்தேன். ஒன்பதாவதுக்குக் கொடுக்கவில்லை. கை எட்டுக்குப் பழகியிருந்தது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். அண்ணன் முகம் வந்தது. பெயர்கள் புது மிஷினுக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகும். அதுவரை பழையதுதான் பதில் சொல்லும். அது எனக்குத் தெரியும். மறுநாள் மறுபடியும் பார்த்திருக்க வேண்டும். மற்ற எட்டையும் பார்த்தேன். அந்த முகத்தை இன்னொரு தடவை பார்க்க முடியவில்லை. லேப்டாப்பை மூடிவிட்டேன்.

கேட்ட பெயர் இல்லாவிட்டால் சர்வர் சும்மா இருக்காது. வரிசையில் முதலில் நிற்கும் ஃபைலைக் காட்டும். என் மிஷினில் முதலில் நின்றது பேண்ட் செட்.

பத்து நாள் போனது. புது யூனிபார்ம் போட்டோ ஏற்றவேண்டும் என்று பேண்ட் செட்காரர் கடைக்குக் கூப்பிட்டார். வேலை கொடுக்கிறவர்களிடம் நான் வீட்டுக் கதை பேசுவதில்லை. அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியாது.

"இன்னாபா, நம்ம நம்பர எங்கனா தப்பா போட்டு வெச்சிக்கீறியா? எவனோ ஜோலார்பேட்டைலேர்ந்து போன் பண்றான். உங்க அண்ணன் இங்க கீறாரு, வந்து இட்னு போங்கன்றான். எனக்கு ஏதுபா அண்ணன்? நானே மூத்தவன். ஃபிராடு பையன்னு நல்லா திட்டி வெச்சிட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"எப்போ?" என்றேன்.

"ஆறு நாளு இருக்கும். ஏன்பா, மூஞ்சி ஏன் இப்டி ஆயிட்ச்சி?"

சொன்னேன். அவர் தன் போனை என் கையில் வைத்தார்.

முகூர்த்த மாதம். ஆறு நாளைக்கு முன் அந்த ஒரு நாளில் மட்டும் அவருக்கு ஏகப்பட்ட அழைப்பு. பெயரில்லாத நம்பர்களை நான் எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார். ஒரு அம்மா விடவில்லை. "மாப்ள ஊர்வலத்துக்கு எவ்ளோ ஆவும்? டிரம்பெட்டு எத்தினி பேரு வருவாங்க?" "அம்மா, உனக்கு சும்மாவே வாசிக்கிறேன், இப்போ போன வையிம்மா" என்று அவர் கும்பிட்டார். அதற்கும் பிறகு ஏழெட்டு நம்பர். கடைசியில் ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் டீ விற்கிறவர் எடுத்தார்.

"அன்னைக்கி வாய்க்கு வந்தத பேசினியே, இப்போ இன்னாத்துக்கு கூப்புட்ற?"

நான் போனை வாங்கினேன். "அண்ணா, அவுரு எங்க அண்ணன்."

அவர் குரல் இறங்கியது.

"ரெண்டு நாளு இங்கதான் படுத்துனு இருந்தாரு தம்பி. டீயும் பன்னும் குடுத்தேன். ஒரு தபா கையி காலு இழுத்துக்கிச்சி. தண்ணி தெளிச்சி எழுப்புனோம். வாட்ஸ்அப்புல வந்த போட்டோ பாத்துத்தான் லிங்க அமுக்குனேன். பேண்ட் செட் வந்துச்சி, அதுல இருந்த நம்பருக்குப் போட்டேன். அப்பால ஆள காணோம். சேலம் வண்டி ஏறுனாருன்றாங்க. நான் பாக்கல."

அப்போதே கிளம்பினேன். ரயிலில் உட்கார்ந்து போனில் அந்த இணைப்பைக் கொடுத்தேன். ஒரே ஒரு வரி. அண்ணன் பக்கம் திறந்தது. ஜோலார்பேட்டையில் டீக்காரர் இடத்தைக் காட்டினார். ஒரு தூணும் தண்ணீர்க் குழாயும். வேறு ஒன்றும் இல்லை. சேலம் வரைக்கும் ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கிக் கேட்டேன். நான்கு நாள். இல்லை என்றார்கள்.

திரும்பி வந்து பேண்ட் செட்காரரிடம் கேட்டேன். "மொதல் எடத்துல எங்க அண்ணன வெச்சிக்கட்டா?"

"இத கேக்கணுமாபா? வெய்யி."

வைத்தேன். இப்போது அந்த மிஷினில் இல்லாத பெயரை யார் கேட்டு வந்தாலும் அண்ணன் முகம்தான் வரும். யார் வந்தார்கள் என்று சர்வர் ஒரு பதிவு எழுதி வைக்கும். அதைக் காலையில் எழுந்ததும் படிக்கிறேன். தினமும் நூற்றுக்கணக்கில் வருகிறார்கள். ஆட்கள் இல்லை. உலகத்தில் உள்ள சர்வர்களை எல்லாம் தட்டிப் பார்த்து, எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று தேடுகிற இயந்திரங்கள். பெயர் கேட்காமல் வருகிறவை. அவற்றுக்குத்தான் அண்ணனைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஆள் வந்தால், போனில் திறந்தது என்று பதிவில் தெரியும். நேற்று ஒன்று இருந்தது. போட்டோ வரைக்கும் திறந்திருக்கிறது. எந்த ஊர் என்று தெரியவில்லை.

பார்த்தவர் இன்னும் என்னைக் கூப்பிடவில்லை.