விற்கக்கூடாத மாங்காய்க் கரை

சின்ன காஞ்சிபுரத்தில் தறியில் புது டிசைன் ஏறினால், பக்கத்து வீட்டுக்காரர் வரும்போது அதன்மேல் துண்டைப் போட்டு மூடிவிடுவார்கள். அந்த ஊரில் இருந்துகொண்டு, தான் வரைந்த புடவைக் கரை டிசைன்களை ஷாரோன் இணையத்தில் இலவசமாக வைத்தாள் என்றால் பைத்தியம் என்று சொல்லாமல் என்ன செய்வார்கள்?

பாவம், அவள் பட்டவள். ஜவுளிக்கடைகளுக்கு வெப்சைட் செய்வதுதான் பிழைப்பு. கண் எரிய எரியச் செய்த பக்கங்களின் அடியில் ஏதோ ஒரு சென்னை ஏஜென்சியின் பெயர் இருக்கும். தன் பெயரை ஓர் ஓரத்திலாவது பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே ஏக்கம்.

அதனால் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைப் பிடித்தாள். யாரும் எடுக்கலாம், என் பெயரைப் போட்டால் போதும். பெரிய கடைகள் சுருட்டிவிடுமோ என்ற பயத்தில், 'விற்பனைக்குக் கூடாது' என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டாள். நிறையப் பேர் பார்த்தார்கள். ஒருவரும் நெய்யவில்லை.

ஒருநாள், அடுத்த தெருவில் தறி வைத்திருக்கும் மாணிக்கவேல் நேரிலேயே வந்துவிட்டார்.

"உன் மாங்கா கரை ஷோக்கா இருக்குதும்மா. விக்கக்கூடாதுன்னு போட்டுக்கினு இருக்கியே, நெய்து நானே கட்டிக்கினு திரியறதா?"

ஷாரோனுக்குச் சுருக்கென்றது. யாருக்காக வரைந்தாளோ அவர்களையே வாசலில் நிறுத்தியிருக்கிறாள்! அவர் எதிரிலேயே உரிமத்தை மாற்றினாள். "இனிமே விக்கலாம்ணா. டிசைனையும் மாத்திக்கலாம். வரைஞ்சவங்க, மாத்தினவங்க எல்லார் பேரும் போடணும். மாத்தினதையும் மத்தவங்களுக்கு இதேமாதிரி உட்டுடணும்."

"துண்டு போட்டு மூடக்கூடாதுன்ற."

"ஆமாண்ணா."

தலையைச் சொறிந்துகொண்டே போனார். ஆனாலும் நெய்தார், மாங்காய்களுக்கு நடுவே சொந்தமாக ஒரு கிளியையும் சேர்த்து.

நெய்து முடித்த புடவையைத் தறியிலிருந்து அறுக்கும் நாளில் ஷாரோன் அதற்கு ஓர் அட்டை அச்சடித்துக் கொண்டுபோனாள். வழியெல்லாம் முதல் வரியில் தன் பெயரையே பார்த்துக்கொண்டு போனாள். அதை வாங்கிப் படித்த மாணிக்கவேல் இரண்டாவது வரியில் நின்றுவிட்டார். 'கிளி சேர்த்து நெய்தவர்: மாணிக்கவேல்.'

"எம்பேருமா?"

எத்தனையோ கல்யாணங்களுக்கு அவர் புடவை போயிருக்கிறது, கடைக்காரர் பெயரோடு. அவர் கண் கலங்கியதைப் பார்த்து ஷாரோனுக்குத் தன் வரி மறந்தே போனது.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் உள்ளே நுழைந்தார். மாணிக்கவேலின் கை பழக்கத்தில் துண்டை எடுத்தது. இன்னும் அறுக்காமல் தறியில் இருந்த புடவைப் பக்கம் போன கை பாதியில் நின்றது. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"வாப்பா, கிட்ட வந்து பாரு. கிளி நான் போட்டது."