கோட்டுப் பையில் மூன்று டின் சம்பல்

விமானத்தில் கையோடு எதையெல்லாம் கொண்டுபோகலாம் என்று எங்கள் காஜா பெராங் தெருவில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். மலாய் நாட்டுச் சுதந்திரமான மெர்டேகாவுக்கு மறு வருடம், பள்ளி விடுமுறையில், சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸுக்குப் பறந்தேன். ஊர் சுற்ற அல்ல. தம்பி மனைவி தேவி அங்கே ஐந்து மாதக் கர்ப்பம். வாயில் வைத்ததெல்லாம் வெளியே வந்துவிடுகிறது, இப்படியே போனால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று டாக்டர் சொன்னதாகத் தம்பி எழுதியிருந்தான்.

தேவி எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் செட்டிக் கம்பத்துப் பெண். அந்தத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய். தம்பி மேல்படிப்புக்குப் போனபோது கூடப் போனாள். "தமிழ் தெரியாத தமிழச்சி" என்று அங்கே அக்கம்பக்கத்தில் சிரித்தார்களாம். சிரித்தவர்கள் ஒரு வாரம் எங்கள் ஊருக்கு வந்து மலாய் தெரியாமல் மீன் வாங்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். தம்பியின் கடிதத்துக்கு அடியில் அவள் கையெழுத்தில் மலாயில் ஒரே ஒரு வரி இருந்தது: சம்பல் பெலாச்சான் இருந்தால் சோறு இறங்கும், அக்கா.

தேவியின் அம்மா இரண்டு நாள் அம்மியை விட்டு நகரவில்லை. பெலாச்சான் என்றால் புளிக்கவைத்து இடித்த இறால்; நாற்றம் ஊரைக் கூட்டும். அதை மிளகாயோடு அரைத்து, ஈரம் போக வறுத்து, மூன்று பால்மாவு டின்களில் அடைத்து, மூடியைச் சுற்றி மெழுகு ஊற்றினார்.

டிக்கெட்டோடு வந்த தாளை நான் மனப்பாடம் செய்திருந்தேன். ஆளுக்கு நாற்பத்து நான்கு பவுண்டு. கைப்பை, குடை, கோட்டு, கேமரா, வழியில் படிக்கப் புத்தகம் ஆகியவற்றுக்கு எடை இல்லை. கையில் தூக்கும் கூடை உட்பட மற்றதெல்லாம் கணக்கில் சேரும். ஆகவே பெட்டியையும் டின்கள் இருந்த கூடையையும் முனைக்கடைச் சீனரிடம் கொண்டுபோனேன். கையில் தூக்கிப் பிடிக்கும் தராசில் நிறுத்து, "முப்பத்து மூன்று கட்டி" என்றார். மூன்று கட்டிக்கு நான்கு பவுண்டு, கணக்குச் சரி. ஆனால் பழகிய வாடிக்கைக்கு அவர் கை எப்போதும் கொஞ்சம் தாராளமாகத்தான் நிறுக்கும். பருப்பு வாங்கும்போது இனிக்கிற அந்தத் தாராளம் பெட்டியை நிறுக்கும்போது காலை வாரும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

காலை ஐந்து மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நான்கு பேருக்குப் பங்கு, தலைக்குப் பத்து வெள்ளி. வழியில் மூவார், பத்து பகாட் என்ற இரண்டு ஆற்றங்கரை ஊர்களிலும் ஒவ்வொரு படகு. காரோடு ஏற்றி ஆற்றைக் கடத்துவார்கள். ஏறக்குறைய நூற்றைம்பது மைல். விமான நிலையம் சேர மணி பதினொன்றே முக்கால்.

எடை மேடையில் நின்றவர் நம்ம தமிழ்க்கார இளைஞர். பெட்டியையும் கூடையையும் சேர்த்து நிறுத்தார். பெட்டிக்குச் சீட்டுக் கட்டி உள்ளே அனுப்பிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அக்கா, ரெண்டு பவுண்டு கூட இருக்கு."

"காசு கட்டிடுறேன்."

"இன்னைக்கு முடியாதுலா. பிளேன் ஃபுல். இந்தக் கூடைய விட்டுட்டுப் போங்க."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மேலே குளிரும் என்று பக்கத்து வீட்டு ஆபீஸ் குமாஸ்தா, நாங்கள் கிராணி என்போம், தன் கோட்டைக் கொடுத்திருந்தார். ஆம்பிளைக் கோட்டு, நான்கு பை. அந்த வெயிலில், அத்தனை பேர் பார்க்க, புடவைக்கு மேல் அதைப் போட்டேன். டின்களை ஒவ்வொன்றாகப் பைகளில் இறக்கினேன். வெறும் கூடையை மேடையில் வைத்தேன்.

"இப்ப நிறுங்க."

"அக்கா, இது நியாயமா?"

"கோட்டுக்கு எடை இல்லைன்னு எழுதினது நீங்களா, நானா?"

"கோட்டுக்குத்தான். உள்ள இருக்கிறதுக்கு?"

"அது எந்த வரியில இருக்கு? காட்டுங்க."

தாளை இரண்டு தரம் படித்தார். அதற்குள் மூக்கு சுருங்கியது. வெயிலில் மெழுகு இளகியிருந்தது.

"சம்பலா?"

"ஆமா. மெட்ராஸ்ல பிள்ளைத்தாச்சி ஒருத்தி மாசக்கணக்கா சாப்பிடல. இத இங்க வச்சுட்டுத்தான் போகணும்னா நானும் போகல. என் பெட்டிய இறக்குங்க."

அவர் தன் பின்னால் நின்ற வெள்ளைக்கார அதிகாரியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கோட்ட மட்டும் கழட்டாதீங்கக்கா, கடைசி வரைக்கும்," என்றார்.

கழற்றவில்லை. வேர்த்துக் கொட்டியது. பக்கத்து இருக்கை வெள்ளைக்கார அம்மாள் வழியெல்லாம் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார். சாப்பாட்டோடு அவருக்கு ஒரு துண்டுப் பாலாடைக்கட்டி வந்தது. அதன் வாசனைக்கு நான் மூக்கைப் பிடித்தேனா?

மெட்ராஸில் கதவைத் திறந்த தேவியை எனக்கு அடையாளம் தெரியவில்லை, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் டின்னை எடுப்பதற்கு முன்பே கோட்டில் முகத்தைப் புதைத்து அழுதாள். அன்று மத்தியானம் சம்பலோடு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். ஒரு பருக்கைகூட வெளியே வரவில்லை. நானும் அழுதேன், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பெட்டியைத் தெரிந்த கடையில் நிறுக்காதீர்கள். டிக்கெட் தாளைக் கையில் வைத்திருங்கள், "எந்த வரி?" என்று கேளுங்கள். மெழுகை இரண்டு சுற்று ஊற்றுங்கள். கோட்டு இரவல் வாங்கினால் பெரிய பையாகப் பார்த்து வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது நாலு வார்த்தை கேட்கவும் தயாராக இருங்கள்.

தேவிக்குப் பெண் குழந்தை. ஆறே முக்கால் பவுண்டு என்று தந்தி வந்தது. அதில் இரண்டு பவுண்டு என் கோட்டுப் பையில் போனது. யார் வேண்டுமானாலும் நிறுத்துப் பார்க்கட்டும்.