ஊரே ஆமாம் சொன்னது

காலை ஐந்து பத்து. முதலில் தெரிந்தது தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸின் ஒற்றை முகப்பு விளக்கு. அந்த வெளிச்சத்தில் தூக்குச்சட்டியோடு பெண்கள். இருவர் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகும் சாலையில் ஒரு கிராமம். நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. இளைஞர்களின் மனநலத்தை இளைஞர்களே ஆராய வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் முடிவு செய்திருந்தார். பத்தொன்பது கேள்விகளை அவரே எழுதினார். 'ஆம்', 'இல்லை' என்று கட்டங்களையும் அவரே போட்டார். மீதி இளைஞர்கள் பொறுப்பு. எந்த ஊரில் 'ஆம்' அதிகமோ, அங்கே வேனில் மனநல டாக்டர் வருவார் என்பது ஏற்பாடு.

முதல் நாள் அவர் குறித்துத் தந்த பத்து மணிக்குப் போனோம். இளைஞர்கள் எல்லோரும் வேலைக்குப் போயிருந்தார்கள். அதனால்தான் மறுநாள் இந்த விடியற்காலை.

அந்த ஊருக்குக் கடைசியாகக் காகிதத்தோடு வந்தவர்கள் வறட்சி நிவாரணத்துக்குக் கணக்கெடுத்தவர்கள். இதுவும் நிவாரணத்துக்குத்தான் என்று பிள்ளைகளுக்கு முன்னால் அப்பாக்கள் வந்து நின்றார்கள். தூக்கம் வரவில்லையா? ஆமாம். காரணமில்லாத அழுகை? ஆமாம். படிவத்தில் இல்லாமல் நானாகக் கேட்ட 'மகன் மகிழ்ச்சியாக இருக்கிறானா' என்பதற்கும் ஆமாம் என்று சொன்ன ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு மாற்றிக்கொண்டார்.

"பக்கத்து வீட்டுப் பயலுக்கு எத்தனை ஆமா போட்டிய, தம்பி?" என்று அவரே கேட்டார். சொன்னேன். தன் மகனுக்கு இரண்டு கூடுதலாகப் போடச் சொன்னார்.

தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கும் வேலைக்குப் போகிற ஒரு பெண் மட்டும், பதினெட்டு வயதிருக்கும், தானே பதில் சொன்னாள். மூன்றே மூன்று ஆமாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"கிணத்துக்குத் தண்ணி எடுக்கப் போனா திரும்பி வரணும்னே தோண மாட்டேங்குண்ணே. இதை எழுதினா டாக்டர் வருவாவளா?"

வருவார் என்றேன். கட்டத்தில் இடமில்லை, ஓரத்தில் எழுதினேன்.

பேராசிரியர் படிவங்களைப் புரட்டினார். ஊரே பொய் சொல்கிறது என்றார். ஓரக் குறிப்பைக் காட்டினேன். ஓரத்தில் எழுதினால் அது ஆய்வு ஆகாது என்றார். நிவாரணம் எதுவும் கிடையாது என்று தண்டோரா போட்டுவிட்டு, மறுபடியும் கேட்டுவரச் சொன்னார்.

தண்டோரா அடித்த மறுநாள் ஊர் பூரணமாகக் குணமாகியிருந்தது. முந்தின வாரம் தூங்காதவர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். கூடுதலாக இரண்டு கேட்டவர், தன் குடும்பத்தில் ஏழு தலைமுறையாக யாரும் அழுததில்லை என்றார்.

அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் இந்த முறை அவள் அம்மா நின்றாள்.

"ஊரே இல்லைங்குது. எம் மவ மட்டும் ஆமாங்கணுமா? பொண்ணு பாக்க வாராவ, தம்பி."

பெண் தரையைப் பார்த்து 'இல்லை' என்றாள். பத்தொன்பது முறை. பத்தொன்பதையும் நான் குறித்தேன்.

கல்லூரி விழாவில் பேராசிரியர் அறிக்கையை வாசித்தார். இளைஞர்களின் பங்களிப்பு என்று ஓர் அத்தியாயம் இருந்தது. அவர் அதை வாசித்தபோது நாங்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதம் டாக்டரின் வேன் மூன்று ஊர்களுக்குப் போனது. அந்த ஊருக்குப் போகவில்லை.