பதினொன்றாவது பிள்ளை

எனக்கு முன்கோபம் அதிகம். சொல்லிக்கொள்ள வெட்கமில்லை, ஜெயங்கொண்டத்தில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்த்தாலே தராசைச் சரிசெய்வார். ஆனால் பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கோபம் வராது. சோற்றைத் தட்டோடு கவிழ்த்தாலும் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அதனால்தான் வீட்டிலேயே பிள்ளைகள் காப்பகம் நடத்த முடிகிறது.

திட்டம் போட்டு ஆரம்பித்ததில்லை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்தவள் என் மகள். அவளை விட்டுவிட்டுப் பழைய பள்ளிக்கூட வேலைக்குத் திரும்பிப் போக மனசு வரவில்லை. வீட்டோடுதானே இருக்கிறாய் என்று எதிர்வீட்டு நர்ஸ் தன் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அவளைப் பார்த்து ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள் வந்தாள், அவளைப் பார்த்து பேங்கில் வேலை பார்க்கிறவள் வந்தாள். கூடம் நிறைந்துவிட்டது. பக்கத்துத் தெருவிலிருந்து ஓர் அக்காவை உதவிக்கு வைத்துக்கொண்டேன்.

இதற்கெல்லாம் லைசென்ஸ் வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. அரியலூரிலிருந்து ஓர் ஆபீசர் அம்மா வந்தார். டேப்பை நீட்டிக் கூடத்தை அளந்தார், பாத்ரூம் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார், சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். கடைசியில், இந்தக் கூடத்துக்கும் இரண்டு ஆளுக்கும் பத்துப் பிள்ளைகள்தான், அதற்கு மேல் ஒன்றுகூடச் சேர்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பத்தே எனக்குத் தலைக்கு மேல் வேலை என்று நானும் தலையாட்டினேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளை எண்ண மாட்டோம். தலைக்கு நேரே விரலை நீட்டி ஒன்று, இரண்டு என்று எண்ணினால் கண் பட்டுவிடும். நீ படித்தவள்தானே என்று கேட்காதீர்கள். பி.எட். முடித்தவள்தான், ஆனாலும் விரல் நீளாது. அதனால் நாங்கள் டம்ளரை எண்ணுவோம். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்திருக்கும். காலையில் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சி, டம்ளர்களைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்து ஊற்றுவேன். ஒரு டம்ளரை யாரும் தொடவில்லை என்றால் ஓர் ஆள் கொல்லைப்பக்கம் நழுவியிருக்கிறது என்று அர்த்தம். இதைவிடச் சரியான கணக்கு உலகத்தில் கிடையாது என்று நான் இறுமாப்பாகவே இருந்தேன்.

ஒரு பையன் எல்.கே.ஜி. போனதில் ஓர் இடம் காலியானது. அந்த வாரமே மீன்சுருட்டியிலிருந்து ஒரு பெண் வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஓர் அதட்டல் போட்ட பிறகுதான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். அப்பா, அம்மா முந்திரிக் காட்டில் கூலி வேலை பார்க்கிறவர்கள். புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். பரீட்சை மேல் பரீட்சை எழுதி, அவள் வீட்டிலேயே முதல் ஆளாக ஓர் ஆபீஸ் வேலை வாங்கியிருந்தாள், அதுவும் ஜெயங்கொண்டத்திலேயே. முதல் வருடம் லீவு போட முடியாதாம். இரண்டரை வயதுப் பையனைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஆளில்லை. நான் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் வேலையை விடுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை. சேர்த்துக்கொண்டேன்.

பையன் இரண்டு நாள் வாசலையே பார்த்து அழுதான். பிறகு என் மகள் அவனைத் தன் சொத்தாக எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அவனைவிட ஒரு வயது அதிகம், அதிகாரம் ஏழெட்டு வயது அதிகம். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே திரிவாள். அவனும் போவான்.

அவன் வந்து ஒரு மாதம் இருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் அந்த ஆபீசர் அம்மா வந்து நின்றார். சரியாகக் கஞ்சி நேரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தாம்பாளத்தைக் காட்டி, டம்ளரை எண்ணிக்கொள்ளுங்கள், சரியாகப் பத்து இருக்கும் என்றேன். அவர் டம்ளரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ண ஆரம்பித்தார். உதவிக்கு வரும் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

பதினொன்று இருக்கிறதே என்றார் ஆபீசர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது என் சொந்த மகள் என்றேன். அவளுக்குத் தனி டம்ளர் கிடையாது. அடுப்படிக்குள் வந்து கைக்குக் கிடைத்த டம்ளரில் குடித்துவிட்டு ஓடுவாள். வீட்டுப் பிள்ளையை யார் தாம்பாளத்தில் சேர்த்து எண்ணுவார்கள்? அவர் சிரிக்கவில்லை. ஆறு வயதுக்குள் இந்தக் கூடத்தில் இருக்கிற எல்லாப் பிள்ளையும் கணக்குத்தான், பெற்ற பிள்ளையானாலும் கணக்குத்தான் என்றார்.

வந்ததே எனக்குக் கோபம். என் வீட்டில் என் பிள்ளை இருக்க உங்கள் ஆபீசில் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டேன். அவளை வயிற்றில் சுமக்கும்போதே மனுப் போட்டிருக்க வேண்டுமோ என்றும் கேட்டேன். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். கஞ்சி ஆறி ஆடை படிகிறவரை அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“தீப்புடிச்சா உங்க கை மொதல்ல யாரத் தூக்கும்மா? உங்க பொண்ணத்தான. தப்பில்ல, பெத்தவ அப்புடித்தான் செய்வா. அந்தக் கை மத்த பிள்ளைக்கு இல்லாம போவுதுல்ல, அதத்தான் நான் எண்ணுறேன்.”

என் வாயை அடைக்க இந்த ஊரில் ஆள் பிறக்கவில்லை என்பார் என் வீட்டுக்காரர். அன்று அடைத்துவிட்டது. அடுத்த வாரம் திரும்ப வருவேன், அதற்குள் ஒரு பிள்ளையைக் குறைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லைசென்ஸை நிறுத்தி வைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றார். போகும்போது ஒரு டம்ளர் கஞ்சி வாங்கிக் குடித்து, உப்பு சரியாக இருக்கிறது என்று வேறு சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் தாய்மார்கள் வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். லைசென்ஸ் போகப்போகிறது என்பது அவர்கள் காதில் ஏறவே இல்லை. தலையை எண்ணிவிட்டார்களா, அதுவும் பேனாவாலா என்று பதறினார்கள். எல்லாப் பிள்ளைகளையும் கிழக்குப் பார்த்து உட்காரவைத்து, உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டோம். முன்னால் நின்று சுற்றியவள் யார் என்கிறீர்கள்? கோடிக்கணக்கில் பணம் எண்ணுகிற பேங்க்காரிதான். அத்தனை மிளகாய்க்கும் துளி நெடி வரவில்லை. பார்த்தீர்களா, எவ்வளவு கண் பட்டிருக்கிறது என்று ஆளாளுக்குக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள்.

அதன் பிறகுதான் யாரைக் குறைப்பது என்ற பேச்சு வந்தது. தினமும் ஒருத்தி தன் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளலாம், முறை வைத்துக்கொள்வோம் என்றாள் நர்ஸ். நல்ல யோசனை என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கிழமையைச் சொல்லச் சொன்னால் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னார்கள். கடைசியாக வந்தவன்தானே போக வேண்டும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. கண்கள் எல்லாம் அந்தப் பையன்மேல் இருந்தன.

அவன் அம்மா வழக்கம்போல ஆறு மணிக்குக் கடைசியாக வந்தாள். நான் சொன்னதை முழுதும் கேட்டாள். சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன், மனசு லேசாகியிருக்கும். அவள் போடவில்லை.

“சனிக்கெழம வரைக்குமாவது வச்சிக்குங்கக்கா. அதுக்குள்ள ஏதாவது பாத்துக்கறேன்” என்றாள்.

என்ன பார்ப்பாள்? வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போவாள், அவ்வளவுதான். பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். எதற்கும் பதறமாட்டார். ஆபீசர் வருகிற அன்றைக்குப் பாப்பாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன், தீர்ந்தது என்றார். ஆபீசர் என்றைக்கு வருவார் என்று உங்களிடம் போன் போட்டுச் சொல்வாரா என்று அவரைக் கடித்தேன். ஆனால் என்னைத் தடுத்தது அது இல்லை. அந்த அம்மா சொன்ன கை விஷயம்தான். அடுப்பைப் பற்றவைக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்தது. ஆபீசரை ஏமாற்றலாம், என் கையை ஏமாற்ற முடியாது.

மறுநாள் துணி காயப்போடும்போதுதான் புத்தியில் பட்டது. அடுத்த தெருவில் அங்கன்வாடி இருக்கிறது. மீன்சுருட்டிப் பையனுக்கு அது உதவாது. பாதிப் பகலிலேயே விட்டுவிடுவார்கள், அவன் அம்மா வர ஆறாகிவிடும். என் மகள் போகலாம். விட்டதும் அவள் அப்பா கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகள் கிளம்பியதும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். வழி கிடைத்த சந்தோஷம் ஒரு சட்டை பிழிகிற நேரம்தான் இருந்தது. இவளுக்காகத்தானே வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தேன், இவளையே வெளியில் அனுப்புவதா என்று அழுகை முட்டியது. ஊர் வேறு சிரிக்கும். சிரிக்கவும் செய்தது. என் நாத்தனார் வரதராஜன்பேட்டையிலிருந்து போன் போட்டே சிரித்தாள். அவளுக்கும் நாலு வார்த்தை கொடுத்தேன்.

அன்று ஆறு மணிக்கு மீன்சுருட்டிப் பெண் வந்ததும் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

“தம்பி இங்கதான் இருப்பான். வேலைய விட்டேன்னு மட்டும் கேள்விப்பட்டேன், மீன்சுருட்டிக்கே வந்து ஒதப்பேன்.”

முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். உங்கள் பிள்ளையை அனுப்பிவிட்டா என்று அவள் ஆரம்பித்ததை நான் முடிக்க விடவில்லை.

திங்கட்கிழமை மகளுக்குத் தலை சீவி, புதுக் கவுன் போட்டு, அங்கன்வாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அழுவாள், காலைக் கட்டிக்கொள்வாள், சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று முறுக்கெல்லாம் மடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் மரக்குதிரையைப் பார்த்ததும் என் கையை உதறிவிட்டு ஓடினாள். ஏறி உட்கார்ந்தவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிள்ளைகளிடம் கோபம் வராது என்று சொன்னேனே, அன்று ஒரு நாள் வந்தது. முறுக்கை அங்கன்வாடி டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் பையன் அவளைத் தேடினான். கதவுக்குப் பின்னால் பார்த்தான், கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். கஞ்சி ஊற்றும்போது அடுப்படி வாசலை நானே ரெண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

அந்த வாரமே ஆபீசர் வந்தார். பேனாவை எடுத்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைப் பையில் வைத்துக்கொண்டு கண்ணாலேயே எண்ணினார். பத்து. எந்தப் பிள்ளை நின்றது என்று கேட்டார். என் மகள்தான், அங்கன்வாடிக்குப் போகிறாள் என்றேன். எந்த அங்கன்வாடி என்று கேட்டுவிட்டு, அந்த டீச்சர் நல்ல மாதிரி, கவலைப்படாதீர்கள் என்று என் தோளில் தட்டிவிட்டுப் போனார். அவர்மேல் இருந்த கோபம் அப்போதுதான் முழுசாகப் போனது.

அன்று சாயங்காலம் மீன்சுருட்டிப் பெண் தன் பையனை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் என்னை அத்தை என்று கூப்பிடுவதைப் பார்த்து, என் மகளும் பேச ஆரம்பித்த நாளிலிருந்து என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். திருத்திப் பார்த்து நான் ஓய்ந்தே போயிருந்தேன். வீட்டுக்காரர் வண்டியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. இஞ்சின் அணைவதற்குள், தெருவுக்கே கேட்கிற மாதிரி, வண்டியில் உட்கார்ந்தபடியே அவள் “அம்மா” என்று கூப்பிட்டாள்.